பெரிய தொழில்நுட்ப நிறுவனத்தில் சேரலாமா? முதலில் மேலாளர் எந்த ஊரில் இருக்கிறார் என்று கேளுங்கள்

தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். வயது 27, கோயம்புத்தூர்க்காரர். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்துவிட்டு, மூன்று ஆண்டுகளாகச் சிங்கப்பூரின் ஊபி வட்டாரத்தில் இருபது பேர் கொண்ட ஒரு மென்பொருள் நிறுவனத்தில், வெளிநாட்டு நிபுணர்களுக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதியில் வேலை செய்கிறார். சம்பளம் மாதம் 6,800 சிங்கப்பூர் வெள்ளி. இப்போது ஓர் அமெரிக்கப் பெருநிறுவனத்தின் சிங்கப்பூர் அலுவலகம் 9,500 வெள்ளியும், நான்கு ஆண்டுகளில் பிரித்துத் தரும் 96,000 அமெரிக்க டாலர் பங்குகளும் தருவதாகச் சொல்கிறதாம். தை மாதம் திருமணம். “போகலாமா? போனால் என்ன கிடைக்கும், எதை இழப்பேன்?” என்பது அவர் கேள்வி.

நான் அப்படியொரு நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகள் இருந்தேன். பெயர் வேண்டாம். ஆட்குறைப்பில் வெளியே வந்து, இப்போது எழுபது பேர் உள்ள ஓர் இடத்தில் பொறியாளர் குழுவை நடத்துகிறேன். ஆகவே நான் சொல்வதில் கொஞ்சம் நன்றியும் கொஞ்சம் கசப்பும் கலந்திருக்கும். எது எது என்று நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போங்கள். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒன்றை விசாரித்துவிடுங்கள். உங்கள் குழுவை வைத்துக்கொள்வதா கலைப்பதா என்று தீர்மானிக்கிறவர் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறார்? சம்பளத்தையும் பங்கையும் துருவித் துருவிக் கேட்கிறவர்கள்கூட இதைக் கேட்பதில்லை. சிங்கப்பூரில் பெரிய நிறுவன வேலையின் நல்லது கெட்டதுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு பதிலில்தான் அடங்கியிருக்கிறது.

பாசிர் பாஞ்சாங்கில் கூகல் இருக்கிறது, மரினா ஒன் கட்டடத்தில் மெட்டா இருக்கிறது. இவையெல்லாம் ஆசிய பசிபிக் வட்டாரத் தலைமையகங்களாக இங்கே வந்தவை. விற்பனை, விளம்பரம், சட்டம், கணக்கு ஆகிய துறைகள் முதலில் வேரூன்றின. பொறியாளர் குழுக்கள் இருக்கின்றன, நல்ல குழுக்களும் இருக்கின்றன. ஆனால் அவற்றில் பலவற்றுக்குத் தலை ஓர் ஊரிலும் உடல் ஓர் ஊரிலும் இருக்கும். வாடகைக் கார் செயலியான கிராப், ஷாப்பி இணையக் கடையை நடத்தும் சீ குழுமம் போன்றவை வேறு வகை. அவற்றின் தலைமையே இந்தத் தீவில் இருக்கிறது. ஒன்-நார்த் பக்கம் மதியச் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது முடிவெடுக்கிறவர் உங்களுக்கு முன்னால் தட்டோடு நிற்கலாம். சீன நிறுவனங்களின் கணக்கு மூன்றாவது. பெய்ஜிங்குக்கும் நமக்கும் ஒரே நேரம் என்பதால் தூக்கம் பிழைக்கும். ஆனால் ஆவணம் மாண்டரினில் வரும். கூட்டம் ஆங்கிலத்தில் தொடங்கிப் பத்தாவது நிமிடத்தில் தடம் மாறும். அப்போது உங்களுக்குக் கையில் உள்ள கோப்பிக் கோப்பைதான் துணை.

மேலாளர் கலிபோர்னியாவில் இருந்தால் என்ன ஆகும் என்று கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். கோடையில் நாம் அவர்களைவிட 15 மணி நேரம் முன்னே இருக்கிறோம், குளிர்காலத்தில் 16 மணி நேரம். அவர்களுக்குக் காலை ஒன்பது என்றால் நமக்கு நள்ளிரவு, குளிர்காலத்தில் இரவு ஒரு மணி. அவர்கள் மாலையில் கடையைக் கட்டும் நேரத்தில்தான் நமக்கு விடிந்து எட்டு மணி ஆகியிருக்கும். ஆக, கூட்டம் ஒன்று விடியலில் நடக்கும், அல்லது ஊர் அடங்கிய பிறகு நடக்கும். அங் மோ கியோவில் எங்கள் மூவறை வீட்டில் படிப்பு மேசை மகளின் அறையில் இருந்தது. அவள் தூங்கிய பிறகு, சமையலறையில் இருபத்தைந்து கிலோ அரிசி டின்னின்மேல் மடிக்கணினியை வைத்து, கால் மணைமேல் உட்கார்ந்து நான் எத்தனை கூட்டங்களில் பேசியிருப்பேன் என்று கணக்கில்லை. பின்னால் மசாலா டப்பா வரிசை தெரிகிறதே என்று ஒரு நாள் மேலாளர் ஆசையாக விசாரித்தார். நல்ல மனிதர்தான். ஆனால் கூட்ட நேரத்தை அவர் மாற்றவில்லை.

தூக்கம் கெடுவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மேலாளர் தூரத்தில் இருப்பதன் உண்மையான விலை பதவி உயர்வில் தெரியும். பெரிய நிறுவனங்களில் உங்கள் மேலாளர் நினைத்தால் மட்டும் உயர்வு கிடைத்துவிடாது. உங்கள் வேலையைப் பற்றி எழுதிய கோப்பு ஒரு குழுவின் முன் போகும். மற்ற மேலாளர்களும் மூத்த பொறியாளர்களும் உங்கள் பெயரைக் கேள்விப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பெயர் அவர்கள் காதில் விழுவது கூட்டம் முடிந்து நடைபாதையில் பேசிக்கொண்டு போகும்போதுதான். அந்த நடைபாதை இங்கே இல்லை. என்னோடு ஒரே நாளில் சேர்ந்து அங்கேயே இருந்தவர் என்னைவிட இரண்டு நிலை மேலே போனார். திறமையில் அவர் எனக்குக் குறைந்தவர் என்று சொல்ல மாட்டேன். கூடியவர் என்றும் சொல்ல மாட்டேன்.

சரி, நல்லதுக்கு வருகிறேன். அதில் முதலாவது இலவசச் சாப்பாடு என்று எல்லோரும் எழுதுகிறார்கள். தோசை, லக்சா, பழச்சாறு எல்லாம் இருந்தன. முதல் ஆறு மாதத்தில் என் எடை கூடியதுதான் மிச்சம். அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கணக்கில் சேர்க்க வேண்டியது, தவறு செய்தால் என்ன நடக்கிறது என்பதை. இரண்டாம் ஆண்டில், அமைப்புக் கோப்பு ஒன்றில் ஒரே ஒரு வரியை மாற்றினேன். இந்தோனேசியாவில் பணம் செலுத்தும் பக்கம் நாற்பது நிமிடம் படுத்துவிட்டது. அதற்குமுன் சென்னையில் வேலை செய்த இடத்தில் இப்படி நடந்திருந்தால் யார் செய்தது என்பதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்கும். இங்கே நிமிடவாரியாக நடந்ததை என்னையே எழுதச் சொன்னார்கள். என்ன மாற்றினேன், எப்போது எச்சரிக்கை அடித்தது, அது ஏன் பதினொரு நிமிடம் தாமதமாக அடித்தது, எப்படிப் பழைய நிலைக்குத் திருப்பினோம். எழுதி முடித்ததும் ஒரு மூத்தவர் ஓரத்தில் ஒரே கேள்வி போட்டிருந்தார்: “தவறான ஒரு வரியை இந்தக் கருவி எப்படி ஏற்றுக்கொண்டது?” அடுத்த வாரம் அந்த ஓட்டையை அடைத்தது நான்தான். அன்றிலிருந்து எந்த மாற்றத்தையும் முதலில் நூற்றில் ஒரு பயனாளருக்கு மட்டும் விட்டுப் பார்க்காமல் எல்லோருக்கும் திறந்ததில்லை. பெரிய நிறுவனத்தில் அந்த நூற்றில் ஒரு பங்கே பல லட்சம் பேர். அந்த அளவில் வேலை பார்த்த கைக்கு ஒரு பயம் வந்துவிடும், தம்பி, நல்ல பயம். இருபது பேர் நிறுவனத்தில் அதைக் கற்றுக்கொள்வது கடினம், கற்றுக்கொடுக்க ஆளும் இருக்காது.

இன்னொரு சம்பவத்தில் நல்லதும் கெட்டதும் ஒன்றாகவே கிடக்கின்றன. எங்கள் செயலி ஒன்றின் தமிழ்ப் பதிப்பில், புகைப்படத்தைச் சேமிக்கும் பொத்தானில் ‘காப்பாற்று’ என்று இருந்தது. திருச்சியில் இருக்கும் என் அம்மா தொலைபேசியில், “படத்தை எதிலிருந்து காப்பாற்றச் சொல்கிறது?” என்று கேட்டார். நானே அந்த நிறுவனத்தில்தான் இருக்கிறேன், ஒரு சொல்லை மாற்ற எத்தனை நாளாகும் என்று நினைத்தேன். பதினொரு வாரம் ஆனது. அந்தச் சொல் எந்தக் குழுவுக்குச் சொந்தம் என்று கண்டுபிடிக்கவே இரண்டு வாரம். மொழிபெயர்ப்பு வெளி ஒப்பந்தக்காரரிடம் இருந்தது. அவர்களுடைய சொற்பட்டியலில் ‘காப்பாற்று’ அங்கீகரிக்கப்பட்ட சொல்லாக ஏறியிருந்தது. பட்டியலை மாற்ற ஒரு விண்ணப்பம், அதை ஆராய இன்னொருவர். அவர் விடுப்பில் இருந்தார். மாற்றினால் பொத்தானின் அகலம் மாறுமா என்று வடிவமைப்புக் குழு கேட்டது. சொல் சின்னதாகத்தான் ஆகிறது என்று படம் எடுத்து அனுப்பினேன். பிறகு வெளியீட்டு அட்டவணை. கடைசியில் ஒரு சனிக்கிழமை அம்மா தானாகவே அழைத்து, “சேமி என்று வந்துவிட்டது” என்றார். இந்தத் தீவிலும் இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் அந்தப் பொத்தானைத் தொடுகிற ஒவ்வொருவர் கையிலும் என் ஒரு சொல் இருந்தது. ஒன்பது ஆண்டுகளில் நான் மிகவும் பெருமைப்பட்ட வேலை அதுதான். என் ஆண்டு மதிப்பீட்டில் அதற்கு ஒரு வரிகூட இல்லை, ஏனென்றால் நிறுவனம் அளக்கும் எந்தப் புள்ளிவிவரத்தையும் அது உயர்த்தவில்லை. பெரிய நிறுவனம் எப்படி இருக்கும் என்று யார் கேட்டாலும் நான் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

இன்னொரு கெடுதி மெல்ல வரும், வரும்போது தெரியாது. பெரிய நிறுவனங்கள் எல்லாக் கருவிகளையும் தாங்களே செய்துகொள்கின்றன. கூகலை எடுத்துக்கொள்ளுங்கள். 2015 தொடக்கத்தில் ஏறத்தாழ 200 கோடி வரி நிரலை ஒரே களஞ்சியத்தில் வைத்திருந்ததாக அவர்களே எழுதியிருக்கிறார்கள். அதை ஆளும் கருவிகள் அந்த மதிலுக்குள்தான் கிடைக்கும். அங்கே நிரல்களைப் பல கணினிகளில் பரப்பி ஓட்டும் போர்க் என்ற அமைப்பு செய்த வேலையை ஒட்டி, 2014-ல் குபர்நெட்டிஸ் என்று ஒன்றை வெளியுலகுக்குத் தந்தார்கள். வெளியே நாம் பயன்படுத்துவது அதைத்தான். உள்ளே இருக்கிறவர் பொத்தானை அழுத்தினால் நிரல் ஓடும். அடியில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டிய அவசியமே வராது. நான் வெளியே வந்து முதல் நேர்காணலுக்குப் போனபோது, சாதாரண மேகக் கணினிச் சேவையில் ஒரு சர்வரை ஏற்றி ஓடவிடச் சொன்னார் இருபத்து நான்கு வயதுப் பெண் ஒருவர். எனக்குக் கை ஓடவில்லை. இப்போது ஊபியில் நீங்கள் தினமும் செய்கிற வேலை அது. புதிய இடத்தில் சேர்ந்த பிறகும் வார இறுதியில் ஏதாவது ஒன்றை வீட்டில் கட்டிக்கொண்டிருங்கள், கை மறக்காது.

பணம். சம்பளம் 2,700 வெள்ளி கூடுகிறது, அது தெளிவு. பங்குகள்தான் ஏமாற்றும். நான்கு ஆண்டுக்கு 96,000 டாலர் என்பது, சமமாகப் பிரித்தால் ஆண்டுக்கு 24,000. சமமாகத்தான் பிரிப்பார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அமேசான் முதல் ஆண்டு 5 விழுக்காடு, அடுத்த ஆண்டு 15, பிறகு நாற்பது நாற்பது என்று பிரிப்பதில் பெயர் பெற்றது. முதல் ஆண்டு முடிவதற்குள் கிளம்பினால் ஒன்றுமே கிடைக்காத ஒப்பந்தங்களும் உண்டு. கடிதத்தில் அந்த அட்டவணையைத் தேடிப் படியுங்கள்.

அடுத்தது வரி. பங்கு உங்கள் பெயருக்கு வருகிற நாளில் அதன் சந்தை விலை என்னவோ அது உங்கள் வருமானம். சிங்கப்பூரில் சம்பளத்திலிருந்து மாதாமாதம் வரி பிடிப்பதில்லை. அடுத்த ஆண்டுதான் உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் கடிதம் வரும். நடுவில் விலை விழுந்தால் வரி விழாது. 2021 செப்டம்பரில் மெட்டா பங்கு 380 டாலரைத் தொட்டது. 2022 நவம்பரில் 90-க்கும் கீழே. விற்றுவிடாமல் வைத்திருந்த ஒரு நண்பர், கையில் கால்வாசியான பங்கோடும் பழைய விலைக்குப் போட்ட வரியோடும் நின்றார். பன்னிரண்டு தவணையாகக் கட்டினார். அதற்குப் பிறகு என் வழக்கம் எளிமையானது: பங்கு வந்த அன்றே விற்பேன், வரிக்கு ஆறில் ஒரு பங்கை ஒதுக்குவேன், மிச்சத்தை வேறு எங்காவது போடுவேன். சம்பளமும் சேமிப்பும் ஒரே நிறுவனத்தை நம்பி இருந்தால் அது விழும்போது இரண்டும் ஒன்றாக விழும். விற்றபின் விலை ஏறினால் வயிறு எரியும்தான். எரியட்டும்.

நீங்கள் எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருப்பதால் மத்திய சேம நிதி உங்களுக்குக் கிடையாது. நிரந்தரவாசியாக ஆனால்தான் அந்தக் கணக்குத் தொடங்கும். நிறுவனம் போடும் 17 விழுக்காடு இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு சிங்கப்பூரரோடு சம்பளத்தை ஒப்பிடுங்கள்.

பாஸ் மாறுவது ஒரு சடங்கு என்று பலர் நினைக்கிறார்கள். புதிய முதலாளி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். 2023 செப்டம்பரிலிருந்து விண்ணப்பத்தை மதிப்பிடக் காம்பஸ் என்ற புள்ளி முறை இருக்கிறது, 40 புள்ளி வேண்டும். சம்பளத்துக்கும் படிப்புக்கும் தலா 20 வரை கிடைக்கும். மற்ற இரண்டு பகுதிகள் நிறுவனத்தைப் பொறுத்தவை. நிபுணர், நிர்வாகிகள் 25 பேருக்குக் குறைவான சிறிய நிறுவனம் என்றால் அந்த இரண்டிலும் தானாகவே பத்துப் பத்துக் கிடைக்கும். இப்போது நீங்கள் இருக்கிற இடம் அப்படிப்பட்டது. பெரிய இடத்தில் அப்படி இல்லை. அங்கே நிபுணர் நிலையில் இந்தியக் குடியுரிமை உள்ளவர்கள் கால்வாசியோ அதற்கு மேலோ இருந்தால், பல நாட்டவர் கலந்திருக்கிறார்களா என்று பார்க்கும் பன்முகத்தன்மைப் பகுதியில் உங்களுக்குச் சுழியம். உங்கள் வயதுக்கு இந்தச் சம்பளமும் நன்யாங் பட்டமும் கைகொடுக்கும் என்று நினைக்கிறேன். ஆனாலும் புள்ளிக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டார்களா என்று ஆள்சேர்ப்பு அதிகாரியிடம் கேட்பதில் வெட்கம் இல்லை.

வரப்போகும் மனைவி உங்களோடு இங்கே தங்க டிபென்டன்ட் பாஸ் வாங்க மாதம் 6,000 வெள்ளி போதும், அது இப்போதே இருக்கிறது. ஆனால் 2021 மே மாதத்திலிருந்து அந்தப் பாஸை வைத்துக்கொண்டு இங்கே வேலைக்குப் போக முடியாது. தனியாக ஒரு வேலை அனுமதி வேண்டும். அந்தப் பெண்ணும் வேலை பார்க்கிறவர் என்றால் இதை நிச்சயதார்த்தத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். (பெரிய கம்பெனி மாப்பிள்ளை என்றதும் தேக்காவில் என்னை நிறுத்திப் பேசுகிற மாமிகள் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.)

இனி ஆட்குறைப்பு. 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரை, 2023 ஜனவரியில் கூகல் 12,000 பேரை, அந்த ஜூனில் கிராப் 1,000 பேரை அனுப்பியது எல்லோருக்கும் தெரியும். பெரிய நிறுவனம் பாதுகாப்பானது என்ற நம்பிக்கையை அந்த ஓராண்டு முடித்துவைத்தது. எனக்கு அது ஒரு வியாழக்கிழமை காலை வந்தது. மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் அலுவலக மின்னஞ்சல் திடீரென்று மீண்டும் கடவுச்சொல் கேட்டது, போட்டேன், ஏற்கவில்லை. சொந்த மின்னஞ்சலில் கடிதம் கிடந்தது. கலிபோர்னியாவில் இருந்த என் மேலாளரை அழைத்தேன். அவருக்கும் அதே கடிதம் வந்திருந்தது. எங்கள் குழுவைப் பட்டியலில் சேர்த்தவர் யார் என்று அவருக்கும் தெரியவில்லை. இரண்டாவது பின்னலைக் கணவர்தான் போட்டுவிட்டார், கோணலாக இருந்தது.

நான் அப்போது நிரந்தரவாசி. இழப்பு பணத்தோடு நின்றது. பக்கத்து இருக்கையில் இருந்தவர் எம்ப்ளாய்மென்ட் பாஸ்காரர். மனைவியின் பாஸும் இரண்டு பிள்ளைகளின் பாஸும் அவருடையதில் தொங்கின. கடைசி நாள் முடிந்து ஒரு வாரத்துக்குள் நிறுவனம் பாஸை ரத்துசெய்ய வேண்டும். அதன்பிறகு இங்கே தங்கப் பொதுவாக 30 நாள். அந்த 30 நாளில் வேலை, வீட்டு வாடகை ஒப்பந்தம், பிள்ளைகளின் பள்ளி. அவர் செய்த புத்திசாலித்தனமான காரியம், இழப்பீட்டுத் தொகையைப் பற்றிப் பேரம் பேசாமல், கடைசி வேலை நாளை இரண்டு மாதம் தள்ளிப்போடக் கேட்டதுதான். கொடுத்தார்கள். அந்த இரண்டு மாதத்தில் வேறு இடம் கிடைத்தது. இழப்பீட்டுக்குச் சட்டம் எதையும் கட்டாயமாக்கவில்லை. ஒப்பந்தத்தில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் பேசித்தான் பெற வேண்டும். அரசும் தொழிற்சங்கமும் முதலாளிகளும் சேர்ந்து வெளியிட்ட முத்தரப்பு அறிவுரை, சேவையின் ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டு வாரம் முதல் ஒரு மாதம் வரை சம்பளம் என்ற வழக்கத்தைக் குறிப்பிடுகிறது. பெரிய நிறுவனங்கள் பொதுவாக இதில் கஞ்சத்தனம் காட்டுவதில்லை. எனக்கும் குறை வைக்கவில்லை. சிறிய நிறுவனம் மூடும்போது கடைசி மாதச் சம்பளமே சந்தேகம்.

இப்போது உங்கள் நேர்காணலுக்குத் திரும்புவோம். மேலாளரோடு இன்னொரு முறை பேச வேண்டும் என்று கேளுங்கள், மறுக்க மாட்டார்கள். உங்கள் மேலாளருக்கு மேலாளர் எங்கே இருக்கிறார்? இந்தக் குழு சிங்கப்பூரில் எத்தனை ஆண்டாக இருக்கிறது? கடந்த இரண்டு ஆண்டுகளில் இங்கிருந்து யாருக்காவது பதவி உயர்வு கிடைத்ததா? இரவில் எச்சரிக்கை அடித்தால் எழுந்திருக்கும் முறை இங்கே எத்தனை பேருக்கு இடையே சுற்றுகிறது? இந்த நான்குக்கும் தயங்காமல் பதில் வந்தால் சேருங்கள். குழு முழுவதும் இங்கேயே இருந்தால் யோசிக்கவே வேண்டாம். நீங்கள் ஒருவர் மட்டும் இங்கே, மற்றவர்கள் அங்கே என்றால், சம்பளம் இரண்டு மடங்கானாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். புதிய பாஸுக்குக் கொள்கை அளவிலான ஒப்புதல் கடிதம் கைக்கு வரும்வரை ஊபியில் வாய் திறக்காதீர்கள். வந்தபின் நீங்கள் விலகல் கடிதம் கொடுத்ததும், நீங்கள் வெளிநாட்டவர் என்பதால், இப்போதைய நிறுவனம் வரித் தீர்வுக்காக ஐஆர்21 படிவத்தை வருவாய் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். தீர்வு வரும்வரை உங்களுக்குச் சேர வேண்டிய பணத்தை அவர்கள் பிடித்து வைத்திருப்பார்கள். அதாவது கடைசி மாதச் சம்பளம் உடனே கைக்கு வராது. தை மாதம் கல்யாணம் என்றீர்கள். மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கும் தேதியை இதோடு சேர்த்துப் பார்த்து, மார்கழியில் விலகுவதா அதற்கு முன்பே விலகுவதா என்று முடிவுசெய்யுங்கள்.